பிழை எந்தக் கட்டத்தில்?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்குப் படிக்க வரும் மாணவி ஒருத்தி, இரவல் மடிக்கணினியுடன் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தாள். "ஸேர், கணினிப் பாடம் எனக்குச் சரிவராது போலிருக்கிறது. வேறு பாடத்துக்கு மாறிவிடுகிறேன்" என்றாள். காரணம் வினவினேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு நாள் முயற்சியின் எச்சங்களாக மேலிருந்து கீழ்வரை பிழைச் செய்திகளே நிரம்பியிருந்தன.

அவள் எடுத்த வேலை சிறியதுதான். ஃப்ரீடைப் என்பது சி மொழியில் எழுதப்பட்ட மென்பொருள் நூலகம்; அதன் மூல நிரலை எவரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம். எழுத்துருக் கோப்பைத் திறந்து எழுத்துக்களைப் புள்ளிகளாக வரைந்து தருவது அதன் தொழில். அதனுடன் கற்பிக்கப்படும் முதல் மாதிரி நிரல், நாம் கொடுக்கும் சொல்லை 25 பாகை சாய்த்து, நட்சத்திரக் குறிகளாலும் கூட்டற் குறிகளாலும் திரையில் வரையும். அதில் 'பதுளை' என்று வரைந்து பார்ப்பது அவள் ஆசை.

"உன் அப்பா தொழிற்சாலையில்தானே வேலை செய்கிறார்? தூளில் புகைநாற்றம் வந்தால் யாரைக் கேட்பார்கள்?" என்றேன். கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, பின் உலர்த்துகிறார்கள். புகைநாற்றத்துக்குக் கொழுந்து பறித்தவளைக் கேட்பதில்லை, அடுப்பைத்தான் பார்ப்பார்கள். (பறித்தவளையே ஏசிய கங்காணிமாரும் இருந்தார்கள்; அது வேறு கதை.) நிரலும் அவ்வாறே கட்டங்களைக் கடக்கிறது. தொகுப்பி அதை இயந்திர மொழியாக்குகிறது. இணைப்பி அதை நூலகத்துடன் சேர்க்கிறது. அதன் பின்னரே நிரல் ஓடும். செய்தி எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்பதே முதற் கேள்வி. அவளோ கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு மன்றாடியிருந்தாள்.

மேலே சென்று முதற் செய்தியை வாசித்தோம். தலைப்புக் கோப்பைக் காணோம் என்றது. ஆகவே இது தொகுப்பியின் முறைப்பாடு. உபுண்டு லினக்ஸில் நூலகம் ஒரு பொதியாகவும், தலைப்புக் கோப்புகள் 'டெவ்' என்று முடியும் வேறொரு பொதியாகவும் வருகின்றன. இரண்டாவதையும் நிறுவினோம். அப்பொழுதும் காணோம் என்றது. அக்கோப்பு, தொகுப்பி வழக்கமாகத் தேடாத 'ஃப்ரீடைப்2' என்னும் உள்ளறையில் இருப்பதே காரணம். பிகேஜி-கன்ஃபிக் என்ற சிறு கருவியைக் கேட்டால், கோப்புகளின் இடத்தையும் இணைக்கவேண்டிய நூலகத்தையும் அதுவே சொல்லிவிடும்.

அடுத்து இணைப்பியின் முறை. ஃப்ரீடைப்பின் செயற்கூறு ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் கூறி, அறியேன் என்றது. இருபது வரி இருந்தாலும் நோய் ஒன்றே. பழைய நூலொன்றைப் பார்த்து, கட்டளையில் நூலகத்தின் பெயரை நிரலுக்கு முன் வைத்திருந்தாள். 2011 அக்டோபரில் வெளியான உபுண்டு 11.10 முதல், அதுவரை எவரும் கேளாத நூலகத்தை இணைப்பி கைவிட்டுவிடும். நூலாசிரியர் எழுதியது அன்று சரி. பெயரைப் பின்னே நகர்த்தினோம். பெரும்பாலான வரிகள் மறைந்தன. சைன், கோசைன் இரண்டு மட்டும் எஞ்சின. 25 பாகை சாய்ப்பதற்குத் திரிகோணகணிதம் வேண்டுமல்லவா? கட்டளையின் ஈற்றில் கணித நூலகத்தையும் சேர்த்ததும் நிரல் ஓடியது.

ஆங்கில எழுத்தில் கொடுத்த ஊர்ப்பெயர் அழகாகச் சாய்ந்து நின்றது. தமிழில் கொடுத்ததும் குப்பை! பிழைச் செய்தி ஒன்றுமில்லை. இத்தகைய பிழைதான் பொல்லாதது. யூடிஎஃப்-8 முறையில் 'பதுளை' 15 பைட்டுகள். மாதிரி நிரலோ ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தென்று கொள்கிறது. அதைத் திருத்தினாலும், கணினியில் 'ள'கரத்துக்குப் பின் சேமிக்கப்படும் ஐகாரக் குறியை முன்னே கொணர்ந்து வரைய ஃப்ரீடைப் அறியாது. அவ்வேலைக்கு ஹார்ஃப்பஸ் என்ற மற்றொரு திறந்த மூல நூலகம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள், பசறை பஸ் புறப்படுமுன் அவசரமாக வந்தாள். திரையில் நட்சத்திரக் குறிகளாலான 'பதுளை'. ஐகாரம் தன் இடத்தில் நின்றது. ஹார்ஃப்பஸுக்கும் தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லையாம். தானே தேடிப் பிடித்தாளாம். பாடம் மாறுவதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.