எல்லோருக்கும் வருவதுதானே?

மாதவிலக்கு நாள்களில் வலியால் சுருண்டு கிடக்கும் பெண்ணிடம், 'எல்லோருக்கும் வருவதுதானே' என்று சொல்லிவிட்டு நகர்வது நம் வீடுகளின் வழக்கம். ஆறுதல்போல் ஒலித்து வாயடைக்கும் இவ்வாக்கியம் எவ்வளவு உண்மை?

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் வயிற்றறைச் சவ்விலும் வளர்ந்து வதைப்பதே எண்டோமெட்ரியோசிஸ். விலக்குக் குருதியின் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றறைக்குள் வடிகிறது, அதிலுள்ள திசுத் துணுக்குகள் அங்கே வேர்பிடிக்கின்றன என்று 1927இல் விளக்கினார் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன். இவ்விளக்கம் இன்றும் செல்வாக்கு இழக்கவில்லை. ஆயினும் ஒரு புதிர் எஞ்சுகிறது. இப்பின்வடிதல் பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு நிகழ்கிறது. நோயோ பத்தில் ஒருவருக்கே வருகிறது. மற்றவர்களைக் காப்பது எது?

நோயெதிர்ப்பு அணுக்களின் பக்கம் ஆய்வாளர் பார்வை திரும்பியது இதனால்தான். கருப்பை உட்படலத்தில் இவை மாதந்தோறும் பெருகிக் குறைகின்றன. இவற்றுள் 'இயற்கைக் கொல்லி' அணுக்கள் உண்டு. புற்றணுக்களைக் கொல்லும் திறன் கண்டு 1970களில் இடப்பட்ட பெயர் அது. கருப்பையிலோ அவை கருவைக் கொல்வதில்லை. கருவுக்குக் குருதி செல்லும் நாளங்கள் விரிவதற்கு உதவுகின்றன. வழிதவறி வயிற்றறைக்குள் விழுந்த துணுக்குகளை அகற்றுவது அங்குள்ள கொல்லி அணுக்களும் விழுங்கணுக்களும் செய்ய வேண்டிய பணி. இந்நோயுற்றோரின் வயிற்றறை நீரில் கொல்லி அணுக்களின் வீரியம் குன்றியிருக்கிறது. விழுங்கணுக்களோ பெருகியிருந்தும், அழற்சியையும் புதிய குருதி நாளங்களையும் தூண்டிவிடுகின்றன. பயிரைக் காக்க வேண்டிய வேலி களைக்கு நீர் வார்த்த கதைதான். இது நோயின் காரணமா, விளைவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆயினும் ஒன்று தெளிவு. எல்லோருக்கும் நிகழ்வது எல்லோர் உடலிலும் ஒன்றுபோல் முடிவதில்லை. தன் தாய்க்கும் தமக்கைக்கும் வலிக்கவில்லை என்பது ஒருத்தியின் வலியைப் பொய்யாக்கும் சான்றாகாது. நோயை இன்னதென்று கண்டறியவே சராசரியாக 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தாமதத்தில் நமது அலட்சியத்துக்கும் பங்குண்டு.

தீட்டு, தூரம், விலக்கு எனப் பெண்ணைத் தள்ளிவைக்க நம்மிடம் சொற்கள் பல. அவளுடைய வேதனைக்கோ 'வயிற்றுவலி' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, வகுப்புக்கும் வேலைக்கும் போகவிடாமல் முடக்குகிறதா என்று இனியேனும் கேட்போம். விடை 'ஆம்' எனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.