மனச்சோர்வு மாத்திரை: பாதி வரை ஈஸி, கடைசித் துண்டுதான் கஷ்டம்... ஏன் தெரியுமா?

"இப்போ நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?"

மனச்சோர்வு, பதற்றம் போன்ற பிரச்னைகளுக்கு மருந்து சாப்பிடுகிற பலரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. ஆனால், இதை டாக்டரிடம் கேட்காமல் தாங்களாகவே முடிவெடுக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

சிலர் ஒரே நாளில் ஸ்ட்ரிப்பைத் தூக்கி ஓரமா வச்சுடுறாங்க. சிலர் மாத்திரையைப் பாதியாக உடைத்து 2 வாரம் சாப்பிட்டுவிட்டு, அப்படியே நிறுத்திடுறாங்க. அடுத்த சில நாட்களில் தலைசுற்றல், தூக்கமின்மை, காரணமே இல்லாத அழுகை. உடனே வீட்டில் எல்லோரும் எடுக்கும் முடிவு: "பழைய பிரச்னை திரும்ப வந்துடுச்சு."

அது பழைய பிரச்னையாக இல்லாமலும் இருக்கலாம். மருந்தை வேகமாக விட்டதால் உடம்பு காட்டும் எதிர்வினையாக இருக்கலாம். இதைத்தான் 'வித்ட்ராயல் அறிகுறிகள்' என்கிறார்கள். இது குறித்து விரிவாகப் பார்க்கலாம்.

மருந்தை நிறுத்தினால் உடம்பில் என்ன நடக்கிறது?

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸெடின், புளுஆக்ஸெடின்... இவை எல்லாம் 'எஸ்.எஸ்.ஆர்.ஐ' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் சின்னச் சின்ன 'பம்ப்'கள் இருக்கின்றன. இந்த மருந்துகள் அந்தப் பம்ப்களை அடைத்து வைக்கின்றன.

மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மருந்து சாப்பிடும்போது மூளை அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. மருந்து திடீரென்று இல்லாமல் போனால் பழைய நிலைக்குத் திரும்ப மூளைக்குக் கொஞ்ச காலம் வேண்டும். அந்த இடைவெளியில் வருவதுதான் இந்தத் தொந்தரவுகள்.

தலைசுற்றல், குமட்டல், காய்ச்சல் வருவது போன்ற உடல்வலி, வியர்வை, தூக்கம் கெடுவது, பயங்கரக் கனவுகள், பதற்றம், எரிச்சல் ஆகியவை பொதுவாகச் சொல்லப்படும் அறிகுறிகள். கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் ஒரு நொடி 'ஷாக்' அடித்த மாதிரி இருக்கிறது என்றும் பலர் சொல்றாங்க.

எல்லா மருந்துக்கும் இது ஒரே அளவில் வராது. பராக்ஸெடினும், வேறு வகையைச் சேர்ந்த வென்லாஃபாக்ஸினும் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுபவை. அதனால் இவற்றில் அறிகுறிகள் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரலாம். புளுஆக்ஸெடின் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதனால் அதில் பொதுவாகத் தொந்தரவு குறைவு, வந்தாலும் தாமதமாக வரும்.

அப்போ இது போதைப் பழக்கமா?

இல்லை. போதைப் பொருள் என்றால் 'இன்னும் வேணும்' என்ற வெறி இருக்கும், அளவு கூடிக்கொண்டே போகும். இந்த மாத்திரைகளில் அப்படி எதுவும் இல்லை. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, மனிதர் அதற்கு அடிமையாவது வேறு. "இதைச் சாப்பிட்டா அடிமை ஆகிடுவே" என்று பயமுறுத்தி ஒருவரின் சிகிச்சையைத் தடுப்பதும் தவறு. அதேபோல "நிறுத்தினா ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதும் தவறு.

எத்தனை பேருக்கு வரும்?

இதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் ஓயவில்லை.

2024-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் ஜெர்மன் ஆய்வாளர்கள் 79 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் அறிகுறி இருந்தது. ஆனால், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அறிகுறி இருப்பதாகச் சொன்னார்கள். வித்தியாசத்தைக் கணக்கிட்டால், 6 அல்லது 7 பேரில் ஒருவருக்கு மருந்தை நிறுத்தியதாலேயே தொந்தரவு வருகிறது. கடுமையான அறிகுறிகள் வந்தது சுமார் 35 பேரில் ஒருவருக்கு.

2025-ல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வந்த இன்னொரு தொகுப்பு ஆய்வு, நிறுத்தியவர்களுக்குச் சராசரியாக ஒரே ஓர் அறிகுறிதான் கூடுதலாக வருகிறது என்றது. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகளில் பலவற்றில் நோயாளிகள் சில வாரங்கள் மட்டுமே மருந்து சாப்பிட்டிருந்தார்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பதுதான் விமர்சகர்களின் கேள்வி.

நமக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி: பெரும்பாலானோருக்குப் பெரிய தொந்தரவு வராது. ஆனால், சிலருக்கு மோசமாக வரும். அதிக காலம், அதிக அளவில் சாப்பிட்டவர்கள், ஏற்கெனவே டோஸ் தவறியபோது அவதிப்பட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பாதி மாத்திரை என்றால் பாதி மருந்துதானே?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

2019-ல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹோரோவிட்ஸ் மனநல மருத்துவத் துறையில் இருப்பவர். தானும் இந்த வகை மருந்தைக் குறைக்கும்போது மிகவும் சிரமப்பட்டதாக வெளிப்படையாகச் சொன்னவர். மூளை ஸ்கேன் ஆய்வுகளை வைத்து அவர்கள் காட்டியது, மருந்தின் அளவும் அதன் விளைவும் ஒரே நேர்கோட்டில் இறங்குவதில்லை என்பதை.

ஒரு டவுன் பஸ்ஸில் 50 சீட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சீட்டுகள்தான் மூளையில் உள்ள பம்ப்கள். சிட்டலோபிராம் மருந்து 20 மில்லிகிராம் சாப்பிட்டால் சுமார் 40 சீட் நிரம்பிவிடும். அளவைப் பாதிக்கும் கீழே, 9 மில்லிகிராமாகக் குறைத்தால்? இறங்குவது 5 பேர்தான், 35 சீட் நிரம்பியே இருக்கும். 5 மில்லிகிராம் அளவிலும் ஏறக்குறைய 30 சீட் நிரம்பியிருக்கும். 2.3 மில்லிகிராமில் 20 சீட். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவில்கூட 10 சீட் நிரம்பியிருக்கும்.

இப்போது புரிகிறதா? 20-லிருந்து 10-க்கு வரும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. "அட, இவ்வளவுதானா" என்று நம்பிக்கை வந்துவிடும். அதே நம்பிக்கையில் 5-லிருந்து நேராகப் பூஜ்ஜியத்துக்குப் போனால் 30 பேர் ஒரே ஸ்டாப்பில் திபுதிபுவென இறங்குகிற கதைதான். வெள்ளியங்கிரி மலை ஏறி இறங்கியவர்களைக் கேளுங்க, முழங்கால் எப்போ வலிச்சதுன்னு சொல்வாங்க. இங்கேயும் இறக்கத்தின் கடைசிப் பகுதிதான் கவனமாகக் கால் வைக்க வேண்டிய இடம்.

வழிகாட்டுதல்கள் எப்படி மாறின?

பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்', 2009-ல் இந்த அறிகுறிகள் பொதுவாக லேசானவை, ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும் என்ற பொருளில் எழுதியது. திடீரென நிறுத்தினால் கடுமையாகலாம் என்றும் சேர்த்திருந்தது. நோயாளிகள் தரப்பிலிருந்து தொடர்ந்து எதிர்ப்பு வந்தது. "எங்களுக்கு மாதக்கணக்கில் நீடிச்சது, யாரும் நம்பலை" என்பதுதான் அவர்களின் குறை.

2019-ல் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் தன் நிலைப்பாட்டை மாற்றி, சிலருக்கு இது கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 2022-ல் வந்த நைஸ் வழிகாட்டுதல் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய அளவில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். அளவு சிறிதாக ஆக, குறைப்பும் சிறிதாக வேண்டும். ஒரு கட்டத்தின் தொந்தரவு அடங்கிய பிறகு, அல்லது தாங்கக்கூடிய அளவுக்கு வந்த பிறகே அடுத்த கட்டம். தேவைப்பட்டால் திரவ வடிவ மருந்தைப் பயன்படுத்தலாம்.

நம் ஊரில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மெடிக்கலில் கிடைக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையின் சிறிய அளவு பொதுவாக 5 மில்லிகிராம். அதற்குக் கீழே எப்படிப் போவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எல்லா மாத்திரையையும் உடைக்கவும் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளையும் கேப்ஸ்யூல்களையும் நாமே உடைத்தாலோ நசுக்கினாலோ மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் வெளியாகிவிடும்.

திரும்பி வந்தது நோயா, வித்ட்ராயலா?

முழு நிச்சயமாகப் பிரித்துச் சொல்வது டாக்டருக்கே சில நேரம் கடினம். ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு.

* டோஸைக் குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கினால் வித்ட்ராயலாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெதுவாக நடக்கும்.

* தலைக்குள் ஷாக், தலைசுற்றல், குமட்டல் என முன்பு இல்லாத உடல் தொந்தரவுகள் வந்தால் வித்ட்ராயல் பக்கம் சந்தேகப்படலாம்.

* பழைய அளவைத் திரும்ப ஆரம்பித்ததும் சில நாட்களிலேயே சரியானால் அதுவும் வித்ட்ராயலுக்கான அடையாளம்.

இந்த வித்தியாசம் தெரியாததால் நடக்கும் இழப்பு பெரிது. மெதுவாகக் குறைத்திருந்தால் மருந்தை விட்டிருக்கக்கூடிய ஒருவர், "எனக்கு ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்று மனம் உடைந்து போகலாம்.

குறைக்கும் காலத்தில் எப்படிச் சமாளிப்பது?

* பரீட்சை, கல்யாணம், வேலை மாற்றம், துக்கம் நடந்த நேரம்... இவற்றைத் தவிர்த்து, ஓரளவு அமைதியான காலத்தில் ஆரம்பியுங்கள்.

* 'ஒருநாள் விட்டு ஒருநாள்' முறையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் இது தினமும் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும்.

* தேதி, டோஸ், தூக்கம், தொந்தரவு ஆகியவற்றை போன் நோட்ஸில் இரண்டு வரி எழுதுங்க. அடுத்த முறை டாக்டரிடம் காட்ட இதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது.

* தலைசுற்றல் இருக்கும் நாட்களில் பைக், கார் ஓட்ட வேண்டாம். மதுவைத் தவிருங்கள். மாலைக்கு மேல் காபி, டீயைக் குறையுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

* வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். எரிச்சலும் அழுகையும் வரும்போது அது எதனால் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கணும்.

* பொங்கலுக்கு ஊருக்குப் போய், மாத்திரை தீர்ந்து, சீட்டு இல்லாமல் மெடிக்கலில் தர மறுப்பதும் ஒரு 'திடீர் நிறுத்தம்'தான். ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

* தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் பேசுங்கள். முந்தைய டோஸுக்குத் திரும்பி, இன்னும் மெதுவாகக் குறைக்கலாம். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை.

அப்போ எல்லோருமே நிறுத்திடலாமா?

இல்லை. 2021-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நீண்ட காலம் மருந்து சாப்பிட்டு, நிறுத்தும் அளவுக்கு நன்றாக இருப்பதாக உணர்ந்த 478 பேர் பங்கேற்றார்கள். ஒரு வருடத்தில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது. அதாவது, நிறுத்துவதில் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு அது திரும்பவில்லை என்பதும் உண்மை.

பலமுறை மனச்சோர்வு வந்தவர்கள், முன்பு தற்கொலை எண்ணம் இருந்தவர்களுக்கு டாக்டர் மருந்தைத் தொடரச் சொல்லலாம். கர்ப்பம் தெரிந்தவுடன் பயந்து நிறுத்துவதும் ஆபத்து, முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: நான் இன்னும் எவ்வளவு காலம் சாப்பிடணும்? நிறுத்துவதாக இருந்தால் எத்தனை கட்டமாகக் குறைப்பீங்க? நடுவில் தொந்தரவு வந்தால் யாரைக் கூப்பிடணும்? கேட்பது உங்கள் உரிமை.

மருந்தைக் குறைக்கும்போதோ நிறுத்திய பிறகோ வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம், அடக்க முடியாத பதற்றம், பல நாள் தூக்கமே இல்லாத பரபரப்பு ஆகியவை வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம்.