இல்லக் காப்பும் இயந்திரக் கண்ணும்

நான்கு சுவர்களும் ஒரு கூரையும் இருந்துவிட்டால் அது வீடாகிவிடாது. அச்சமின்றிக் கண்ணுறங்கும் இடத்தையே நாம் வீடு என்கிறோம். அந்த உறக்கத்துக்குக் காவலாகக் கருவிகளை வாங்கிப் பொருத்தும் வழக்கம் தென்காசியிலும் கடையநல்லூரிலும் குற்றாலத்திலும் இன்று பெருகி வருகிறது. கடையில் வாங்கியோ கைப்பேசி வழியே வரவழைத்தோ, ஒரு திருப்புளியின் துணையோடு வீட்டாரே மாட்டிக்கொள்ளும் கேமராக்களும் எச்சரிக்கை மணிகளும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டன. ஆகவே, இவை வேண்டுமா வேண்டாவா என்ற வினா பழையதாகிவிட்டது. எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கே பொருத்துவது, யார் பொறுப்பில் வைப்பது என்பனவே இன்று நம்முன் நிற்கும் வினாக்கள். இவற்றுக்கு விளம்பரங்கள் நேரிய விடை தரமாட்டா. குடும்பம் கூடிப் பேசியே விடை காண வேண்டும் என்பது நம் கருத்து.

காவலும் பொறுப்பும்

காவல் என்பது தமிழர்க்குப் புதிய சிந்தனை அன்று. மழை பொழியும் நள்ளிரவிலும் சோர்வின்றிக் கள்வரைத் தேடித் திரிந்த மதுரை நகரக் காவலரை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் விரிவாகப் பாடியுள்ளார். பாளையக்காரர் காலத்துத் திருநெல்வேலிச் சீமையில் திசைகாவல், தலக்காவல் என்னும் முறைகள் இருந்தன. மக்கள் காவல் வரி செலுத்தினர். களவு நிகழ்ந்தால் பொருளை மீட்டுத் தருவது, இயலாதபோது ஈடு செய்வது காவல்காரரின் கடமை. நாளடைவில் அம்முறையில் கொடுமைகளும் மலிந்தன என்பது உண்மையே. எனினும், காவல் என்றால் அதற்குப் பொறுப்பேற்பவர் ஒருவர் உண்டு என்னும் கொள்கை அதில் இருந்தது.

இயந்திரக் காவலின் வரலாறும் நீண்டதே. கதவு திறந்ததும் மணி ஒலிக்கும் மின்காந்தக் கருவிக்கு அமெரிக்காவின் அகஸ்டஸ் போப் 1853ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன் இரவில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தவர். ஆபத்துக்கு அழைத்தால் காவலர் வந்துசேரத் தாமதமாகும் பகுதியில் வாழ்ந்தவர். அவரும் அவர் கணவரும் வாசலில் நிற்பவரை உள்ளிருந்தே காட்டும் கேமரா அமைப்பை உருவாக்கி, 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றனர். இன்று நம் வாசல்களில் தொங்கும் கருவிகளின் முன்னோடி அதுவே. வீட்டினுள் இருக்கும் பெண் தன் பாதுகாப்பைத் தானே ஆள வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கல்யாணிபுரம் உணர்த்தும் பாடம்

நம் பகுதியிலேயே நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்வோம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இரவு, கடையம் அருகே கல்யாணிபுரத்தில், வீட்டு முகப்பில் அமர்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னிருந்து துணியால் இறுக்கினான் முகமூடி அணிந்த ஒருவன். அவனும் அவன் கூட்டாளியும் அரிவாளோடு வந்திருந்தனர். ஓசை கேட்டு வெளியே வந்த மனைவியார் செருப்பையும் நாற்காலியையும் எடுத்து வீசினார். முதியவரும் விடுபட்டுச் சேர்ந்துகொண்டார். கொள்ளையர் ஓடினர். ஆயினும் அம்மூதாட்டியின் கையில் காயம் பட்டது. கழுத்துச் சங்கிலியும் பறிபோயிற்று. வீட்டில் இருந்த கேமரா அனைத்தையும் பதிவு செய்தது. நாடே அக்காட்சியைக் கண்டு வியந்தது. அவ்வாண்டுச் சுதந்திர நாளன்று தமிழக முதலமைச்சர் அத்தம்பதியர்க்கு வீரத்துக்கான சிறப்பு விருது வழங்கினார்.

இந்நிகழ்ச்சியைக் கேமராவின் வெற்றியாகப் பலர் பேசினர். கேமரா சான்று தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கொள்ளையரைத் தடுக்கவில்லை. காத்தது இரு முதியோரின் துணிவே. எல்லா முதியோரிடமும் அத்துணிவையும் உடல் வலிவையும் எதிர்பார்த்தல் முறையன்று. பதிவு செய்யும் கருவி வேறு, தடுக்கும் கருவி வேறு, உதவிக்கு அழைக்கும் கருவி வேறு. இம்மூன்றின் வேறுபாட்டை அறிந்தவரே சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

எதை முதலில் வாங்குவது?

நம் பகுதியின் நிலை தனித்தன்மை உடையது. இளையோர் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். வீட்டில் முதிய பெற்றோரும் பெண்களும் சிறுவர்களும் உள்ளனர். ஹஜ், உம்ராப் பயணங்களிலும் திருமணக் காலங்களிலும் வீடுகள் நாட்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. குற்றாலத்திலோ சாரல் காலத்தில் நிரம்பி வழியும் தங்குமனைகள் மற்ற மாதங்களில் ஆளின்றி உறங்குகின்றன. ஆள் இருக்கும் வீட்டுக்கும் ஆளில்லா வீட்டுக்கும் ஒரே கருவி பொருந்தாது.

முதற்செலவு கதவுக்கே உரியது. உறுதியான நிலை, உள்தாழ்ப்பாள், நல்ல பூட்டு, பின்வாசலுக்கு வெளிச்சம் ஆகியவை இல்லாத வீட்டில் எத்தனை கேமரா மாட்டினாலும் பயன் சிறிதே. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பூட்டின் இடத்தைக் கேமரா நிரப்பாது.

அடுத்தது எச்சரிக்கை மணி. கதவில் ஒரு சிறு காந்தமும் நிலையில் ஒரு தொடுவியும் பொருத்தப்படும். கதவு திறந்து காந்தம் விலகியதும் சைரன் அலறும். விலை குறைவு, பொருத்துவது எளிது, பழுதும் அரிது. முதியோர் தனித்திருக்கும் வீட்டுக்கு இதனோடு, படுக்கையருகே வைத்து அழுத்தக்கூடிய ஓர் அவசரப் பொத்தானும் சேர்ந்தால், அது பத்துக் கேமராக்களினும் மேலானது என்போம். நெஞ்சுவலி வந்தாலும் அது உதவும் அன்றோ!

மனித உடலின் வெப்பக் கதிர்கள் அசைவதை உணரும் கருவியைப் பலர் வாங்குகின்றனர். வீட்டினுள் அது நன்கு பணியாற்றும். ஆனால் குற்றாலத்தில் வீட்டு முற்றத்திலும் மாடியிலும் அதனை வைப்பவர்கள், குரங்குகளுக்கும் நாய்களுக்கும் உடல் வெப்பம் உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். நாளுக்குப் பத்து முறை வீணே அலறும் சைரனை அண்டை வீட்டார் பிறகு செவிமடுப்பதில்லை. புலி வருகிறது என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதைதான் அங்கே நிகழும்.

மூன்றாவதே கேமரா. சாரலில் நனையும் இடமாயின் நீரும் தூசியும் புகாத வகையைத் தேர்தல் வேண்டும். பழைய வீடுகளின் தடித்த கற்சுவர்களையும் சுண்ணாம்புச் சுவர்களையும் வைஃபை அலைகள் எளிதில் ஊடுருவா; ஆதலின் பொருத்தும் இடத்தில் அலை கிடைக்கிறதா என்று கைப்பேசியால் சோதித்த பின்பே துளையிட வேண்டும். மின்சாரம் நின்றால் இணையமும் நிற்கும். இன்வெர்ட்டரில் வைஃபை பெட்டியையும் இணைத்தல், சிம் கார்டு வழியே அழைக்கும் வகையைத் தேர்தல் ஆகியவை அதற்கு மாற்று. ஐப்பசி இடிமழைக்கு ஈடுகொடுக்க முறையான எர்த் இணைப்பும் தேவை. மேலும், கேமராவினுள் இருக்கும் நினைவட்டையில் மட்டும் பதிவு தங்குமாயின், கள்வன் கேமராவைப் பிடுங்கிச் செல்லும்போது சான்றும் அவனோடு போய்விடும். பதிவுப் பெட்டியை மறைவான இடத்தில் வைப்பதோ, மற்றோரிடத்தில் நகல் சேர்வதோ இன்றியமையாதது.

விலைச்சீட்டு ஒன்றையே பார்த்து முடிவு செய்வதும் தவறு. மாதக் கட்டணம், பேட்டரி மாற்றும் செலவு ஆகியவற்றை மூன்றாண்டுக்குக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். நிறுவனத்தின் இணையச் சேவை நின்றாலும் கருவி இயங்குமா என்றும் கேட்டறிய வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பின்றி முடங்கியபோது, அதன் சேவையை நம்பியிருந்த வீட்டுக் கருவிகள் பல செயலற்றுப் போயின.

சாவி யார் கையில்?

தாமே பொருத்திக்கொள்ளும் முறையை நாம் ஆதரிப்பதற்குச் சிக்கனத்தினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. வெளியார் ஒருவர் வந்து பொருத்திச் செல்லும்போது கடவுச்சொல்லும் பல வேளைகளில் அவரிடமே தங்கிவிடுகிறது. தாமே பொருத்துபவர் தம் வீட்டுச் சாவியைத் தாமே வைத்திருப்பவர். ஆனால் அவரும் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்டவர் ஆவார். 2016ஆம் ஆண்டு அக்டோபரில் மிராய் எனப்படும் தீநிரல், இவ்வாறு மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் உள்ள கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றிப் பெரும் இணையதளங்கள் பலவற்றை முடக்கிற்று. நம் நாட்டிலும், இணையத்தோடு இணையும் சி.சி.டி.வி. கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்னும் விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அச்சான்று பெற்ற கருவியைக் கேட்டு வாங்குவது நம் கடமை.

இல்லத்தின் மானம்

இனி, நாம் மிகுந்த கவலையோடு சொல்ல விழைவது இதுவே. வெளிநாட்டில் இருக்கும் மகன் அன்பின் மிகுதியால் கூடத்திலும் அடுக்களை வாயிலிலும் கேமரா மாட்டச் சொல்கிறான். அவன் நோக்கம் நல்லதே. ஆனால் அவ்வீட்டில் நடமாடும் தாயும் மனைவியும் சகோதரியும் நாள் முழுதும் ஒரு கண்ணின் முன் வாழ வேண்டியவராகின்றனர். வாசலுக்கு உள்ளே தளர்ந்து இருக்கலாம் என்ற உரிமையே இல்லத்தின் அழகு. அதனைப் பறித்துக்கொண்டு எதைக் காக்கப் போகிறோம்?

பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் உரைக்குமாறு திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. துருவித் துருவி ஆராய்வதை 49ஆம் அத்தியாயம் தடுக்கிறது. அனுமதியின்றிப் பிறர் வீட்டினுள் எட்டிப் பார்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். வாசலில் மாட்டிய கேமரா எதிர்வீட்டு நடையை நேராக நோக்குமாயின் அதுவும் எட்டிப் பார்த்தலே. குறுகிய தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் நம் ஊர்களில் இது நாள்தோறும் எழும் சிக்கல். கேமராவை நம் படிக்கட்டை நோக்கிச் சாய்த்து வைப்பதும், எதிர்வீட்டாரிடம் காட்சியைக் காட்டி ஒப்புதல் பெறுவதும் அண்டை வீட்டார்க்கு நாம் செய்யும் கடமை.

உலக அனுபவமும் இதனையே எச்சரிக்கிறது. ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளரான பெண்களின் அந்தரங்க அறைக் காட்சிகளை ஆயிரக்கணக்கில் பார்த்ததாக அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 58 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. ஒரே வீட்டில் வாழும் சகோதரருள் ஒருவர் மற்றவரின் இசைவின்றி வசிப்பிடப் பகுதியில் கேமரா வைத்தல் ஆகாது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கூட்டுக் குடும்பங்கள் நிறைந்த நமக்கு இது நேரடியான அறிவுரை. ஆகவே, கேமரா வாசலோடு நிற்கட்டும். வீட்டினுள் மணியும் பொத்தானுமே போதும். வாசற் காட்சியை யார் காணலாம் என்பதையும் வீட்டில் வாழ்பவரே முடிவு செய்யட்டும்.

மணி ஒலித்தால் வருபவர் யார்?

"இறைவன் காப்பான், கருவி எதற்கு?" என்று கேட்கும் பெரியோர் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அவர்களே நமக்குக் கற்பித்தனர். கட்டுவதும் நம் கடன். நம்புவதும் நம் கடன். "கருவி இருக்கிறது, அண்டை வீட்டார் எதற்கு?" என்று எண்ணும் இளையோர்க்கும் ஒரு சொல் உண்டு. இத்தகைய மணி ஒலித்தால் துபாயில் ஒரு கைப்பேசி அதிரும். தென்காசியில் கதவைத் தட்ட ஆள் வேண்டுமே! திசைகாவலுக்கு ஒரு பொறுப்பாளி இருந்தான். கருவிக்கு அவ்வாறு எவரும் இலர். ஆதலின் மணி ஒலித்தால் ஓடிவரும் இருவர் மூவரின் பெயரையும், 112 என்னும் அவசர எண்ணையும் கருவியை மாட்டும் அன்றே எழுதி வைக்க வேண்டும். வெளியூர் செல்லும்போது காவல் நிலையத்திலும் அண்டை வீட்டிலும் சொல்லிச் செல்லும் வழக்கத்தையும் விட்டுவிடலாகாது.

நம் மாணவர்க்கு இங்கே ஓர் அரும்பணி காத்திருக்கிறது. இயற்பியலும் கணினியியலும் பயிலும் இளைஞர், ஆசிரியரின் வழிகாட்டுதலோடு, தத்தம் மஹல்லாவில் தனித்து வாழும் முதியோரின் வீடுகளுக்குச் சென்று தாழ்ப்பாளைச் சோதிக்கலாம், மணியைப் பொருத்தலாம், கடவுச்சொல்லை மாற்ற அம்முதியோருக்கே கற்றுத் தரலாம். ஜமாஅத் பெரியவர்கள் இதற்கு முன்னின்று ஊக்கம் தரலாம். சாதி, சமய வேறுபாடு பாராமல் தெரு முழுதும் இப்பணி நடைபெறுமாயின், கருவியால் கிட்டும் காப்போடு உறவால் கிட்டும் காப்பும் ஓங்கும். நம் தெருக்களில் அதற்கான தொடக்கத்தை இவ்வாண்டே செய்வோமாக; எல்லாம் வல்ல இறைவன் நம் இல்லங்களையும் அவற்றில் வாழ்வோரின் மானத்தையும் காத்தருள்வானாக!