கொதிக்கும் வண்டியும் குக்கர் மூடியும்

"வண்டி ஓட்டுகிறவர்கள் பார்த்துக் கொள்ளட்டும், நமக்கெதற்கு இஞ்சின் சமாசாரம்?" என்றுதான் நானும் இருந்தேன், சகோதரிகளே. திருத்தணி மலைப் பாதையில் ஒரு மத்தியானம் அந்த நினைப்பு அடியோடு மாறிப் போயிற்று.

என் கொழுந்தனார் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்திருக்கிறார். ஓரகத்தியின் குழந்தைக்கு முடியிறக்க அதில்தான் சென்னையிலிருந்து புறப்பட்டோம். 80 சொச்சம் கிலோ மீட்டரும் வேகமாக வந்தபோது, இஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி நடுவிலேயே நின்றது. மலையேறும் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி ஊர ஆரம்பித்ததும், ஊசி மளமளவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டது!

ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். கொழுந்தனார் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். பக்கத்திலேயே குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஓரகத்தி. என் மாமியார் போட்டார் ஒரு சத்தம்: "ஆவி அடங்காம குக்கரைத் திறப்பியாடா? எடு கையை!"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் சுமார் 120 டிகிரி வரை தாக்குப் பிடிக்கிறது. ரேடியேட்டர் மூடிக்கும் அதே வேலைதான். சூட்டோடு திறந்தால் அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஒரே நொடியில் பொங்கிச் சீறும். முகமும் கையும் வெந்துவிடும். குறைந்தது அரை மணி நேரம், தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, விரிசல் விட்டுவிடும்.

அடிவாரத்திலிருந்து ஒரு பெரியவர், மெக்கானிக், வந்தார். கேட்டது ஒரே கேள்வி: "வேகமா வரும்போது ஏறிச்சா, ஊர்ந்து வரும்போதா?" பதிலைக் கேட்டதுமே, "நீள்ளு காதம்மா, ஃபேன்!" என்றார். தண்ணீரில் கோளாறில்லை, ஃபேன்தான் சுற்றவில்லையாம். பார்த்தால், ஃபேனுக்கான ஃப்யூஸ் போயிருந்தது!

எப்போது சூடாகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்:

ஊரும்போது மட்டும் சூடானால், ஃபேனைப் பாருங்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடுகிறது. மெதுவாகப் போனால் ஃபேன்தான் கதி.

வேகத்திலும் சூடானால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். வெளியே பூச்சி, தூசி, உள்ளே உப்பு. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஊசி ஏறினால், தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் உள்ள சின்னக் கதவு அது. சுமார் 80, 90 டிகிரியில் திறக்க வேண்டியது, மூடியபடியே சிக்கிக் கொள்ளும்.

தண்ணீர் அடிக்கடி குறைகிறதா? குழாயிலோ பம்பிலோ கசிவு இருக்கலாம். கீழே சொட்டே இல்லாமல் குறைந்து, புகையும் விடாமல் வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக் கூடும். அப்படியே ஓட்டினால் இஞ்சினுக்கே ஆபத்து.

ஊசி ஏறத் தொடங்கினால் ஏ.ஸி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுக்கத் திறக்கச் சொல்லுங்கள். நமக்கு வியர்த்தாலும் இஞ்சினின் சூடு கொஞ்சம் வெளியேறும். ஊசி சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று: சில வண்டிகளில் இஞ்சினை நிறுத்திய பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். பின்னலும் முந்தானையும் பத்திரம்!

தாய்மார்களுக்கு முக்கியமாக இரண்டு வார்த்தை. ரேடியேட்டரில் ஊற்றும் கலர் கூலன்ட் பெரும்பாலும் இனிக்கும். ஆனால் கொடிய விஷம். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை ஒரு வாய் குடித்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெந்நீரோ ஆவியோ பட்டுவிட்டால், புண்ணில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓடட்டும். ஐஸ், மாவு, பற்பசை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் போங்கள்.

புது ஃப்யூஸ் போட்டதும் வண்டி சமர்த்தாக மலையேறியது. குழந்தைக்கு முடியிறக்கி, முருகனைத் தரிசித்துவிட்டு இறங்கினோம். "அவசரத்துக்குக் கம்பி சுத்திடாதீங்க, தீப்பிடிச்சுக்கும்" என்று பெரியவர் எச்சரித்திருந்தாரே! அதே அளவு ஃப்யூஸ் இரண்டு வாங்கி, என் கைப்பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு போட்டு வைத்திருக்கிறேன்.