சர்பத்தில் பழம் எங்கே?

சென்ற மாதம் மட்டாஞ்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலிலேயே நீண்ட கண்ணாடித் தம்ளரில், அடியில் சிவப்பும் மேலே மஞ்சளுமாக ஒரு பானம் கொடுத்தார்கள். மது சேராத காக்டெயிலாம். 'மாக்டெயில்' என்று பெயர். பேரன் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு நாக்கை நீட்டினான். சிக்னல் விளக்கு மாதிரி சிவந்திருந்தது. சிரப் பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தேன். (சாமான் வந்தால் ஸ்பெசிபிகேஷன் பார்க்கும் ரயில்வே பழக்கம் இன்னும் போகவில்லை.) சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் அமிலம், நிறம், எசன்ஸ். பழம் மருந்துக்கும் இல்லை.

அந்தச் சிவப்பு சிரப்புக்குக் 'கிரெனடின்' என்று பெயர். மாதுளைக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆதியில் மாதுளைச் சாற்றில்தான் காய்ச்சினார்கள். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் புகழ்பெற்ற 'சிங்கப்பூர் ஸ்லிங்'கில் அன்னாசிச் சாற்றோடு சேர்வதும் இதுவே. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் பெயர் மட்டுமே மிச்சம்.

நம் நாட்டு உணவு விதிப்படி, பழ சிரப் என்றால் நூற்றுக்கு 25 பங்காவது பழச்சாறு வேண்டும். கரைந்துள்ள திடப்பொருள், அதாவது ஏறக்குறைய முழுவதும் சர்க்கரை, 65 பங்கு. இந்த நல்ல சிரப்பையே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தம்ளருக்கு 40 மில்லி ஊற்றினால் எடை 52 கிராம். அதில் சர்க்கரை 34 கிராம், சாறு 13 கிராம். அரசாங்க முத்திரை பெற்ற சரக்கிலேயே இவ்வளவுதான் பழம்! நம் சங்கத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இதை ஊற்றிக் கொடுப்பது சரியா?

சிரப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐஸ் தண்ணீரில் சர்க்கரை லேசில் கரையாது. சிரப் உடனே கலக்கும். இங்கே தெருவில் விற்கும் குலுக்கி சர்பத்தைப் பாருங்கள். எலுமிச்சை, இஞ்சி, பச்சைமிளகாய், சப்ஜா விதை, கொஞ்சம் நன்னாரி சிரப். தம்ளர்மேல் தம்ளர் கவிழ்த்துக் குலுக்குகிற குலுக்கில், எந்த பாரில் நிற்பவனும் தோற்றான். அங்கே புளிப்புக்குப் பழம், வாசனைக்கு வேர். சிரப் வெறும் துணைக்குத்தான்.

நமக்கோ மூவாற்றுப்புழைப் பக்கம் வாழக்குளம் அன்னாசி இருக்கிறது. 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். வடிகட்டிய சாறு ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, இரண்டு எலுமிச்சை. ஒரு கொதி வந்ததும் இறக்கி ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம். தம்ளருக்கு 30 மில்லி, கூட ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை 21 கிராமாகக் குறையும், சாறு 19 ஆகக் கூடும். நிறம் மங்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே.

வருகிற சித்திரை விழாவுக்கு நானே காய்ச்சித் தருகிறேன். பெரிய பாத்திரமும் தோல் சீவ இரண்டு ஆளும் கமிட்டியார் கொடுத்தால் போதும்.