பள்ளித் திடலிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பந்து கையிலுள்ள அணி நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நிற்கும். பதினோரு பேரும் அடுத்து எங்கே நிற்பது, யார் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை அந்தச் சில நொடிகளில் பெரும்பாலும் பயிற்சியாளர்தான் முடிவு செய்து சொல்லி அனுப்புகிறார். இந்த ஏற்பாட்டுக்கு ‘பிளே’ என்று பெயர். கிரிக்கெட்டில் கேப்டன் செய்யும் வேலையில் பெரும்பகுதி இங்கே கோட்டுக்கு வெளியே நிற்பவரிடம் இருக்கிறது. ஆகவே பள்ளியில் ஜெயித்த பயிற்சியாளரைப் பல்கலைக்கழகம் கூப்பிடுவதில் வியப்பில்லை.

பள்ளிப் பயிற்சியாளர் பெரும்பாலும் ஆசிரியரும்கூட. பகலில் பாடம், மாலையில் பயிற்சி, வெள்ளி இரவு ஆட்டம். பொதுவாக, பள்ளியில் படிக்கும் பையன்களை வைத்துத்தான் அவர் அணி அமைக்க முடியும். ஓஹையோ மாநிலத்தின் மாசிலன் ஊரில் பள்ளிப் பயிற்சியாளராக இருந்த பால் பிரௌன் இதற்கு ஒரு வழி கண்டார். கீழ்வகுப்புப் பள்ளிகளிலும் தன் பிளேக்களையே கற்றுத்தர வைத்தார். பையன்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போதே பாடம் தெரிந்து வந்தார்கள். 1932 முதல் 1940 வரை 80 வெற்றி, 8 தோல்வி, 2 டிரா. 1941இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. மறு ஆண்டே அந்த அணி தேசியப் பட்டம் பெற்றது.

ஜெரி ஃபாவ்ஸ்டுக்கு அப்படி அமையவில்லை. சின்சினாட்டியின் மோலர் பள்ளி அணியை உருவாக்கியவர் அவர். அங்கே கடைசி ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை மாநிலப் பட்டம் வென்றார். கல்லூரி அணி எதற்கும் பயிற்சி அளித்திராத அவரை, புகழ்பெற்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகம் நேரடியாகத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 1981இல் முதல் ஆட்டத்தை வென்றதும் அணி தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அடுத்த வாரமே மிச்சிகனிடம் தோற்றது. ஐந்து ஆண்டுகளில் 30 வெற்றி, 26 தோல்வி, ஒரு டிரா. பிறகு அவரே விலகினார்.

பதவியின் பெயர் ஒன்றுதான், வேலை வேறு. கல்லூரிப் பயிற்சியாளர் முதலில் ஆள் சேர்ப்பவர். பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், பெற்றோரிடம் பேசி, உதவித்தொகை தருவதாகச் சொல்லி அழைத்து வர வேண்டும். அதே பையனின் வீட்டுக்கு வேறு பல்கலைக்கழகங்களும் வந்து போயிருக்கும். பள்ளியில் வலிமையான அணிக்குப் பல ஆட்டங்கள் சுலபம். கல்லூரியிலோ எதிரணியின் துணைப் பயிற்சியாளர் குழு ஒன்று வாரம் முழுக்க நம் ஆட்டப் படங்களை ஓட்டிப் பார்த்து, எந்த அணிவகுப்பில் என்ன பிளே வரும் என்று கணித்துவிட்டே களம் இறங்கும்.

இப்போது பலர் நடுவில் ஒரு படி வைக்கிறார்கள். ஆர்கன்சா மாநிலப் பள்ளிப் பயிற்சியாளர் கஸ் மால்ஸான், 2006இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக, அதாவது முன்னேறும் பிளேக்களை மட்டும் வகுப்பவராகச் சேர்ந்தார். 2010இல் ஆபர்ன் பல்கலைக்கழக அணி தேசியப் பட்டம் வென்றபோது அங்கே அதே பொறுப்பில் இருந்தார். 2013இல் ஆபர்னின் தலைமைப் பயிற்சியாளராகி, முந்தைய ஆண்டு 12 ஆட்டங்களில் 9இல் தோற்றிருந்த அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார்.

இந்தச் சில வாழ்க்கைகளை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் ஃபாவ்ஸ்டின் தோல்வியை அவர் திறமைக் குறைவாக மட்டும் பார்ப்பது நியாயமல்ல. நடுப்படி இல்லாமல் அவரை உச்சியில் ஏற்றிய நிர்வாகத்துக்கும் அதில் பங்கு உண்டு.