‘ஜஸ்ட்’ என்னும் ஊன்றுகோல்

இந்திய வகுப்பறைகளுள் பலவற்றில் பிரெஞ்சு இலக்கணம் இன்றும் ஆங்கிலத்தின் தோளில் ஏறியே நுழைகிறது. அதனால் விளையும் கேட்டை அறிய, ‘பாஸே ரெஸான்’ எனப்படும் அண்மை இறந்தகாலப் பாடம் ஒன்றே போதும்.

அமைப்பு எளியது. ‘வருதல்’ எனப் பொருள்படும் ‘வெனிர்’ என்னும் வினை; ‘இருந்து’ எனப் பொருள்படும் ‘த’ என்னும் முன்னிடைச்சொல்; அதன்பின் மற்றொரு வினையின் மூலவடிவம். ‘ழெ வியான் த மான்ழே’ என்றால் ‘இப்போதுதான் உண்டேன்’. சொல்லுக்குச் சொல் நோக்கின், உண்ணுதலிலிருந்து வருகிறேன் என்பதாகும். ஊரிலிருந்து வருபவனைப் போலப் பேசுபவன் செயலிலிருந்து வருகிறான். இதைப் பல வகுப்பறைகள் ‘ஜஸ்ட் என்பதற்கு ஈடு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

ஒரு வரியில் முடித்ததன் விலையை மாணவர் செலுத்துகின்றனர். ஆங்கில ‘ஜஸ்ட்’ பல பொருள் ஒரு சொல்: நேர்மை, துல்லியம், ‘மட்டும்’, ‘சற்று முன்’ என அனைத்தையும் அது சுமக்கிறது. அதனையே நம்பிய மாணவர் பிரெஞ்சில் ‘ஜுஸ்த்’ என்னும் சொல்லைத் தேடி எடுத்து வாக்கியத்தில் செருகுகிறார். கேட்கும் பிரெஞ்சுக்காரருக்கு ‘உண்டேன், அவ்வளவுதான்’ என்னும் பொருளே முன்னிற்கும். வேறொருவர் ‘த’வை விட்டுவிட்டு ‘ழெ வியான் மான்ழே’ என்கிறார். ‘உண்ண வருகிறேன்’ என்று பொருள் தலைகீழாகிறது. உண்டு முடித்தவர் மீண்டும் பந்தியில் அமர்கிறார். ‘இருந்து’ என்னும் பொருளை முதல் நாளே விளக்கியிருந்தால் இப்பிழைக்கு இடமேது?

அடுத்த கேடு கடிகாரம். ‘சில நிமிடங்களுக்கு முன் நடந்தது’ என வரையறுக்கும் வழக்கம் மாணவரைத் தவறான வழியில் செலுத்துகிறது. சில வாரங்களுக்கு முன் இருபது வயது நிறைந்தவளைப் பற்றியும், சில மாதங்களுக்கு முன் நாவல் வெளியிட்டவரைப் பற்றியும் பிரெஞ்சுக்காரர் இதே அமைப்பில் பேசுவர். அண்மையை அளப்பது பேசுபவரின் நோக்கு. காலத்தை நாழிகையால் அளக்கும் முயற்சியைப் பிரெஞ்சு இலக்கணிகளே முன்பு செய்து பார்த்தனர். அன்றைய நாளில் நிகழ்ந்ததற்கு எளிய இறந்தகாலத்தைப் பயன்படுத்தலாகாது என்று 1660ஆம் ஆண்டின் போர்-ருவாயால் இலக்கணம் விதித்தது. 1637இல் வெளிவந்த கொர்னேயின் ‘லெ சித்’ நாடகத்தில் இவ்விதி மீறப்பட்டதென்று பிரெஞ்சு அக்காதெமி குறை கூறியது. இன்றோ எளிய இறந்தகாலம் அன்றாடப் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. அவ்விதியும் உடன் மறைந்தது.

இவ்வமைப்பு வழக்கில் இரண்டு காலங்களையே ஏற்கிறது. நிகழ்காலத்தில் ‘வியான் த’. தொடர் இறந்தகாலத்தில் ‘வெனே த’. ‘இல் வெனே த பர்த்திர்’ என்றால், கதை நிகழும் அந்த வேளையில் அவன் அப்போதுதான் புறப்பட்டிருந்தான் என்பது பொருள். வேறு காலங்கள் ஏன் பொருந்துவதில்லை என்று மாணவர் கேட்டால், ‘அது விதிவிலக்கு’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. விதிவிலக்கு எங்கே இருக்கிறது? ஒரு செயலுக்குச் சற்றுப் பின்னே நின்று நோக்க ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தைத் திறந்து வைத்திருப்பவை இவ்விரு காலங்களே. முடிவுற்றதைக் கூறும் காலங்கள் அவ்விடத்தை மூடிவிடுகின்றன.

தமிழ் மாணவருக்கு இவ்வேறுபாட்டைக் கற்பிக்க ஆங்கிலம் எதற்கு? ‘இப்போதுதான்’, ‘அப்போதுதான்’ என்னும் இரு சொற்கள் இவ்விரு வடிவங்களுக்கும் நேர்நிற்கின்றன. நோக்கும் இடம் மாறினால் தமிழில் சுட்டெழுத்து மாறுகிறது. பிரெஞ்சில் ‘வெனிர்’ வினையின் காலம் மாறுகிறது. ஆங்கில ‘ஜஸ்ட்’ இரண்டு இடத்திலும் அசையாமல் நிற்பதால் இதனைக் காட்டும் ஆற்றல் அச்சொல்லுக்கு இல்லை. இந்தி மாணவருக்கும் ‘அபீ-அபீ’ உண்டு. ‘நிக்லா ஹீ தா’ என்னும் தொடரும் உண்டு.

ஒரே வகுப்பில் பல தாய்மொழியினர் இருப்பதால் ஆங்கிலமே பொதுப்பாலம் என்பர் மறுப்போர். விளக்கும் மொழி ஆங்கிலமாக இருக்கட்டும். அளவுகோலும் ஆங்கிலமாக வேண்டியதில்லை. ‘உங்கள் மொழியில் இதனை எவ்வாறு கூறுவீர்கள்?’ என்னும் ஒரு வினாவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் ஐந்து மொழிகளின் விடை கரும்பலகையில் நிற்கும். அவ்வினாவைக் கேட்க மறுக்கும் வகுப்பறை பிரெஞ்சையும் கற்பிப்பதில்லை. மாணவர் தம் மொழியுள் ஏற்கெனவே ஓர் இலக்கணம் இருப்பதையும் அவருக்கு மறைத்துவிடுகிறது. பின்னாளில் அவரே மொழிபெயர்ப்பாளராகி, ‘அப்போதுதான்’ வரவேண்டிய இடமெல்லாம் ‘சற்று முன்’ என்று எழுதுகையில், குறை அவருடையது மட்டுமன்று.